லூஸ் கனெக்‌ஷன்: டிரிப் சுவிட்சுக்குத் தெரியாத சூடு

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையில் கொழுந்தெடுத்து, நிறுவை முடிந்து, களைப்போடுதான் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். கரண்ட் அடிப்பதைப் பற்றி எல்லாருக்கும் பயம் இருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் யாரையும் அடிக்காமல், சத்தமில்லாமல் சூடேறி வீட்டையே கொளுத்திவிடுகிற ஒன்றும் இருக்கிறது. அதுதான் லூஸ் கனெக்‌ஷன்.

லயத்தில் ஒரு காம்பராவில் நெருப்புப் பிடித்தால் அது அந்த வீட்டோடு நிற்பதில்லை. கூரை ஒன்று, சுவர் ஒன்று. பக்கத்து வீடு, அதற்கும் பக்கத்து வீடு என்று போய்க்கொண்டே இருக்கும். சட்டி பானை திரும்ப வாங்கலாம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பரீட்சைச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடிதம் இதெல்லாம் எரிந்து போனால் எத்தனை கந்தோர் ஏறி இறங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ராத்திரி தூக்கத்தில் பிடித்தால் உயிரே போய்விடும்.

லூஸ் கனெக்‌ஷன் என்றால் என்ன? கரண்ட் போகிற வழியில் இரண்டு உலோகம் ஒன்றோடொன்று இறுக்கமாக முட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பிளக்கின் காலும் பொயின்டுக்குள் இருக்கிற பித்தளையும் அப்படித்தான். வயரும் அதைப் பிடிக்கிற ஸ்குரூவும் அப்படித்தான். ஸ்குரூ தளர்ந்தாலோ, பித்தளை விரிந்தாலோ, பச்சைக் களிம்பு பிடித்தாலோ, முட்டுகிற இடம் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிடும். பெரிய ரோட்டில் வந்த கூட்டம் முழுவதும் ஒற்றையடிப் பாலத்தில் நெருக்குகிற மாதிரி, கரண்டும் அந்த இடத்தில் நெருக்குப்பட்டுச் சூடேறும். சூடேறினால் பித்தளை இன்னும் தளரும். தளர்ந்தால் இன்னும் சூடேறும். தானாகச் சரியாவது என்பது கிடையாது.

எவ்வளவு சூடு என்று கேட்பீர்கள். 2000 வாட் கேத்தல் ஒன்று நம்முடைய 230 வோல்ட் கரண்டில் ஏறக்குறைய எட்டரை அம்பியர் இழுக்கும். தளர்ந்த பிளக்கில் அரை ஓம் தடை இருந்தால் அந்தச் சின்ன இடத்தில் மட்டும் 36 வாட் சூடு உண்டாகும். ரேடியோ திருத்துகிறவர் ஈயம் உருக்குகிற சூட்டுக்கோல் 25 முதல் 40 வாட் வரைதான். அதைப் பிளாஸ்டிக் பிளக்குக்குள் செருகி வைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் நடக்கிறது.

இப்போது சொல்லப் போவதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "எங்க வீட்டுல டிரிப் சுவிட்ச் இருக்கு சேர், ஒண்ணும் ஆகாது" என்று பலர் சொல்கிறார்கள். டிரிப் சுவிட்ச் பார்ப்பது கரண்ட் வேறு வழியில், உதாரணமாக நம் உடம்பு வழியாக, நிலத்துக்குக் கசிகிறதா என்பதை. பியூஸும் பிரேக்கரும் பார்ப்பது அளவுக்கு மீறிக் கரண்ட் போகிறதா என்பதை. லூஸ் கனெக்‌ஷனில் கரண்ட் கசிவதும் இல்லை, கூடுவதும் இல்லை. போகிற வழியிலேயேதான் போகிறது. ஆகவே பிளக் உருகினாலும் டிரிப் சுவிட்ச் விழாமல் இருக்கலாம். டிரிப் சுவிட்ச் கட்டாயம் வேண்டும், உயிரைக் காப்பாற்றுவது அது. ஆனால் இந்த வேலைக்கு அதை நம்ப முடியாது. இதற்கு நம்முடைய மூக்கும் காதும் கண்ணும் கையும்தான் டிரிப் சுவிட்ச்.

மூக்கு: பிளாஸ்டிக் கருகுகிற வாடை, சில வேளை மீன் வாடை மாதிரி வரும். குசினி வாடை என்று விட்டுவிடாதீர்கள். காது: பொயின்டில், சுவிட்சில், பல்ப் ஹோல்டரில் "சிர்ர்" என்ற சத்தம். கண்: பொயின்டைச் சுற்றி மஞ்சளாக, கறுப்பாகக் கறை. காரணமில்லாமல் மினுக்குகிற பல்ப். கை: கேத்தல் கொதித்து முடிந்ததும், ஈரமில்லாத கையால் பிளக்கின் வெளி மூடியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் கோளாறு. கருகிய, வெடித்த பிளக்கைத் தொடவே வேண்டாம். மெயின் சுவிட்சை அணையுங்கள்.

கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை, யோசித்தால் போதும். கேத்தலை நல்ல பொயின்ட் ஒன்றில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் பிளக் சுட்டால் கோளாறு கேத்தலின் பிளக்கில். அங்கே சுடவில்லை என்றால் முதல் பொயின்டில். ஒரே ஒரு பல்ப் மினுக்கினால் அந்தப் பல்ப் அல்லது ஹோல்டர். கேத்தல் போட்டதும் வீட்டில் எல்லாப் பல்பும் நன்றாக மங்கினால் மெயின் பக்கத்து இணைப்பாக இருக்கலாம். லயம் முழுவதும் சில வீட்டில் மங்கலும் சில வீட்டில் அளவுக்கு மீறிய வெளிச்சமும் வந்தால் அது மிக ஆபத்து, வெளி லைனில் நியூட்ரல் விட்டிருக்கலாம். உடனே எல்லாரும் மெயினை அணைத்துவிட்டுத் தோட்டக் கந்தோருக்கும் மின்சாரக் கந்தோருக்கும் சொல்ல வேண்டும்.

கண்டுபிடித்த பிறகு? அந்தப் பொயின்டை அன்றைக்கே நிறுத்துங்கள். மேலே ஒரு காகிதத்தை ஒட்டி, பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. பிறகு தோட்டக் கந்தோரில் திகதியோடு எழுதிக் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது மறந்து போகும், எழுதினது நிற்கும். பழுது பார்ப்பது தெரிந்த மின்வினைஞரின் வேலை. டெஸ்டர் ஒன்று கையில் இருப்பதால் மட்டும் யாரும் மின்வினைஞர் ஆகிவிட முடியாது.

சில பழக்கங்களை இன்றோடு விட வேண்டும். பிளக் இல்லாமல் வயரை நுழைத்துத் தீக்குச்சி செருகுவது. பியூஸுக்குச் சிகரட் பெட்டி வெள்ளித்தாள் சுற்றுவது. முறுக்கிய வயருக்குப் பொலித்தீன் கட்டுவது. ஒரு மல்டி பிளக்குக்குள் இன்னொன்றைப் போட்டு, அதிலேயே கேத்தலும் ரைஸ் குக்கரும் ஸ்திரிக்கையும் ஓட்டுவது. உருண்டைக் கால் பொயின்டுக்குள் சதுரக் கால் பிளக்கைக் குச்சியால் நெம்பி ஏற்றுவது. இவை எல்லாமே லூஸ் கனெக்‌ஷனை நாமே காசு கொடுத்து வாங்குகிற மாதிரி. நம் பக்கத்துப் பனியும் ஈரமும் அடுப்புப் புகையும் வேறு சேர்ந்து, பித்தளை சீக்கிரம் கெட்டுப்போகும்.

டிரக்டர், லொறி, த்ரீவீல் ஓட்டுகிற தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. பெட்டரி 12 வோல்ட், ஷொக் அடிக்காது என்று அசட்டையாக இருக்கிறோம். ஆனால் வோல்ட் குறையும்போது அதே வேலைக்கு அம்பியர் கூடும். டிரக்டரின் ஸ்டார்ட்டருக்கோ, பாரம் தூக்குகிற ஹைட்ரோலிக் பம்பின் மோட்டருக்கோ 100 அம்பியருக்கு மேலும் போகலாம். களிம்பு பிடித்த டெர்மினலில் 0.02 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கே தொலையும், 200 வாட் சூடும் வரும். லைட் எரியும், ஸ்டார்ட்டர் "டக் டக்" என்று மட்டும் சொல்லும். புதுப் பெட்டரி வாங்க ஓடுவதற்கு முன், மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் ஈயக் குமிழிலும் மறு முனையை அதைப் பிடிக்கிற கிளிப்பிலும் வைத்து ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் அந்த இணைப்பில். மைனஸ் வயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரால் களிம்பைக் கழுவித் துடைத்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள். பெட்டரி பக்கத்தில் பீடி கூடாது, அதிலிருந்து வருகிற வாயு வெடிக்கும்.

கடைசியாக, பிளக் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மெயினை அணையுங்கள், பிள்ளைகளையும் வயசானவர்களையும் வெளியே எடுங்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். யாருக்காவது கரண்ட் பிடித்தால் கையால் இழுக்காதீர்கள். மெயினை அணைத்து, 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். அது இலவசம். அடையாள அட்டை, சான்றிதழ்களை ஒரே பையில் போட்டு, கதவுப் பக்கம் கைக்கெட்டுகிற இடத்தில் வையுங்கள்.

இன்று ராத்திரி தேத்தண்ணிக்குக் கேத்தல் கொதித்ததும், அந்தப் பிளக்கை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சுட்டால், நாளைக் காலையில் பிரட்டுக்குப் போகிற வழியிலேயே என்னிடம் சொல்லுங்கள். மனுவை நானே எழுதித் தருகிறேன்.