ஒரு கம்பி அறுந்தாலும் நிற்காத வழி



ஜொகூரில் கூலாய்ப் பக்கம் போய் வந்தவர்கள் ஒரு மாற்றத்தைக் கண்டிருப்பீர்கள். கூலாய் யங் தோட்டம் என்று நாம் அறிந்த செம்பனை நிலத்தில் இன்று பெரிய பெரிய கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. தரவு மையம் என்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் படிப்பை முடித்ததும் அங்கே வேலை கேட்டுப் போகிறார்கள். உள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்டால், "கம்பி மாட்டுகிறோம்" என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கம்பியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

தரவு மையத்தில் முக்கியமானவை மூன்று. கணக்குப் போடும் கணினி ஒன்று. அதைச் சர்வர் என்பார்கள். கணக்கையெல்லாம் எழுதி வைக்கும் சேமிப்புப் பெட்டி மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே நின்று, எந்தச் செய்தி எங்கே போக வேண்டும் என்று பார்த்து அனுப்பும் கருவி மூன்றாவது. இதற்குத்தான் ஸ்விட்ச் என்று பெயர். சுவரில் விளக்குப் போடுகிறோமே, அந்த ஸ்விட்ச் அன்று. பல வாசல்கள் உள்ள, பலகை போன்ற ஒரு பெட்டி.

இந்த ஸ்விட்ச் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது கெட்டுவிட்டது என்று வையுங்கள். சர்வர் நன்றாக இருக்கும், சேமிப்புப் பெட்டியும் நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றோடு ஒன்று பேச முடியாது. தோட்டத்தில் பால் வெட்டியாயிற்று, ஆலையும் ஓடுகிறது, இடையில் உள்ள பாலம் மட்டும் வெள்ளத்தில் போய்விட்டது. பால் உறைந்து போவதை நாம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆகவே இரண்டு ஸ்விட்ச் வைக்கிறார்கள். ஒவ்வொரு சர்வரிலிருந்தும் இரண்டு கம்பிகள் புறப்பட்டு ஆளுக்கொன்றாகப் போகின்றன. சேமிப்புப் பெட்டியிலும் கட்டுப்பாட்டுப் பகுதி இரண்டு உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு ஸ்விட்சுகளோடும் சேர்க்கப்படும். மின்சாரமும் அப்படியே, இரு வேறு வழிகளில் வர வேண்டும். இரண்டு பாதை போட்டுவிட்டு இரண்டையும் ஒரே பாலத்தின் மேல் கொண்டுபோனால் என்ன பயன்? இந்தத் தவற்றைப் படித்தவர்களும் செய்கிறார்கள். இரண்டு ஸ்விட்சின் மின்கம்பியும் ஒரே பலகையில் மாட்டியிருக்கும்.

ஆனால் இரண்டாக்கிவிட்டால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு ஸ்விட்சுகளை ஒன்றோடொன்று பல கம்பிகளால் சேர்த்தால் ஒரு வட்டம் உண்டாகிவிடும். "எல்லாருக்கும் சொல்" என்று ஒரு செய்தி வந்தால், ஒரு மண்டோர் மற்ற மண்டோரிடம் சொல்வார், அவர் திரும்ப இவரிடமே சொல்வார், இவர் மறுபடியும் அவரிடம் சொல்வார். அந்தக் கூச்சலிலேயே வேலை முழுவதும் நின்றுவிடும். இதற்கு வழி கண்டவர் ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1985ஆம் ஆண்டு, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, வட்டத்தில் ஒரு வழியைத் தானாகவே அடைத்து வைத்து, மற்ற வழி கெட்டால் மட்டும் திறக்கும் முறையை அவர் வகுத்தார்.

அடைத்துக் கிடக்கும் பாதை வீண்தானே என்று பின்னால் வந்தவர்கள் எண்ணினார்கள். இன்று இரண்டு ஸ்விட்சுகளைச் சர்வரின் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும்படி அமைக்கிறார்கள். இரண்டு கம்பியிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும். இவ்விரண்டையும் சேர்க்கும் தனிக் கம்பி உண்டு. அது அறுந்தால்தான் ஆபத்து. "அவர் இன்று வரவில்லை போலும்" என்று இரண்டு மண்டோர்களும் நினைத்துக்கொண்டு, முழுப் பெரட்டையும் ஆளுக்கு ஆள் நடத்தினால் எப்படியிருக்கும்! ஆகவே, "நான் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேறொரு வழியிலும் சிறு தொடர்பு வைக்க வேண்டும். அப்போது இரண்டாவது ஸ்விட்ச் உண்மையைத் தெரிந்துகொண்டு, சர்வர்களை நோக்கிய தன் வாசல்களை மூடி ஒதுங்கிக்கொள்ளும்.

சேமிப்புக்குப் போகும் வழி மட்டும் கொஞ்சம் வேறு. அங்கே இரண்டு பாதைகளையும் ஒன்றாக்காமல் தனித்தனியே விடுவதுதான் நல்லது என்பது நம் கருத்து. எந்தப் பாதை நன்றாக இருக்கிறது என்று சர்வரே பார்த்துப் போகும். ஃபைபர் சானல் என்ற வகையில் இரு பக்கத்து ஸ்விட்சுகளையும் ஒன்றோடொன்று சேர்ப்பதே இல்லை. ஒரு பக்கத்தில் அமைப்புத் தவறிப் போனாலும் அது மறு பக்கத்தைத் தொடாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. வழக்கமாக ஒரு பொட்டலத்தில் 1500 பைட் அளவு செய்தி போகும். சேமிப்புக்கு 9000 வரை கூட்டிக்கொள்வதுண்டு. கூட்டினால் சர்வர், ஸ்விட்ச், சேமிப்புப் பெட்டி ஆகிய எல்லா இடத்திலும் கூட்ட வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மறந்துவிட்டால் சிறிய செய்தி போய்விடும், பெரியது போகாது. "சோதித்துப் பார்த்தேனே, நன்றாக இருந்ததே!" என்று புதிதாக வந்த பிள்ளை தலையைப் பிய்த்துக்கொள்ளும்.

நேயர்களே, 2010ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் சிங்கப்பூரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்று விடியற்காலை சுமார் 3 மணிக்கு டிபிஎஸ் வங்கியின் கணினி அமைப்பு நின்றது. பிஓஎஸ்பி கணக்கு வைத்திருந்தவர்களும் அதில் சேர்த்தி. திங்கட்கிழமைக் காலையில் வேலைக்குப் புறப்பட்டவர்கள் ஏடிஎம் இயந்திரத்தில் பணம் எடுக்க முடியவில்லை. ஏறத்தாழ ஏழு மணி நேரம் அந்த நிலை. காரணம் என்ன? சேமிப்புச் சாதனத்துக்கும் பெருங்கணினிக்கும் இடையே இருந்த தொடர்பில் சிறு கோளாறு. சாதனம் அப்போதும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாற்று ஏற்பாடுகளும் அடுக்கடுக்காய் இருந்தன. ஒரு கம்பியை மாற்ற வந்த ஐபிஎம் நிறுவனத்தார் பழைய செய்முறையைப் பின்பற்றினார்கள். காப்பதற்கென்று இருந்த அடுக்குகளே ஒன்றன்பின் ஒன்றாய்த் தடுமாறின. சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கியைக் கண்டித்து, சுமார் 23 கோடி வெள்ளியைக் கூடுதல் மூலதனமாக ஒதுக்கி வைக்கச் சொன்னது.

ஆகையால் இந்த வேலைக்குப் போகும் பிள்ளைகள் பழக வேண்டியவை சில. கம்பியின் இரு முனையிலும் பெயர் ஒட்டுவது. ஒரு பக்கத்துக்குச் சிவப்பு, மறு பக்கத்துக்கு நீலம் என்று நிறம் பிரிப்பது. ஒரு ஸ்விட்சைப் பழுது பார்க்கும்போது மற்றதைத் தொடாமலிருப்பது. இரண்டு பாதையிலும் பாதிக்கு மேல் சுமை ஏறாமல் பார்ப்பது. இரண்டிலும் நூற்றுக்கு 70 ஓடினால், ஒன்று போனதும் மற்றதன் தலையில் 140 விழும், அதுவும் படுத்துவிடும்.

எல்லாம் அமைத்து முடித்தபின், வாடிக்கையாளர் எவரும் உள்ளே வருவதற்கு முன்பு, ஒருநாள் ஒவ்வொரு கம்பியாகக் கையாலேயே பிடுங்கிப் பார்ப்பார்கள். பிறகு ஒரு ஸ்விட்சின் மின்சாரத்தையே நிறுத்துவார்கள். சர்வரில் ஒரு கோப்பை எழுதவிட்டு, எழுத்து நிற்கிறதா என்று திரையைப் பார்த்தபடி எல்லாரும் நிற்பார்கள். ஓரிரு நொடி தயங்கிவிட்டு எழுத்து மறுபடி ஓடினால், கம்பியைத் திரும்ப மாட்டி, பாதை மீண்டும் சேர்ந்துகொண்டதா என்று பார்த்துவிட்டு, அடுத்த கம்பிக்குப் போவார்கள்.