மஞ்சள் கடிதாசும் விடுதலையும்



பத்தாயிரம் தாலந்து கடன்பட்டவனுக்கு அரசன் முழுவதையும் தள்ளுபடி செய்ததை மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் கேட்கிறோம். வெளியே வந்தவன் நூறு தெனாரியத்துக்காக உடன்பணியாளனின் கழுத்தை நெரித்தான், தள்ளுபடி ரத்தாயிற்று. அவன் ஏழ்மை மாறவில்லை, நடத்தைதான் வெளிப்பட்டது.

மஞ்சள் கடிதாசு கொடுத்தால் கடன் தீர்ந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சென்னைக்கு வெளியே 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நொடித்தவர் என அறிவிப்பது ஒன்று, கடனிலிருந்து விடுவிப்பது வேறு. விடுவிக்கும்முன் நீதிமன்றம் நடத்தையைப் பார்க்கிறது. கணக்கு எழுதினாரா? திருப்பித்தர வழியில்லை என்று தெரிந்தே கடன் வாங்கினாரா? சூதாட்டமா, ஆடம்பரமா? ஈடில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணாகூடச் சொத்து தேறாவிட்டால், அது தம் குற்றமல்ல என்று அவரே காட்ட வேண்டும். மழை பொய்த்தோ நோயில் விழுந்தோ நொடித்தவர் அதைக் காட்டிவிடலாம். மற்றவருக்கு விடுதலை மறுக்கப்படலாம், தள்ளிப்போகலாம், நிபந்தனையோடு வரலாம்.

மனுவுக்குமுன் வீட்டை மைத்துனர் பெயருக்குச் சும்மா எழுதிவைப்பதும் செல்லாது. இரண்டு ஆண்டுக்குள் செய்த அத்தகைய மாற்றத்தை நீதிமன்றம் ரத்துசெய்யலாம். இதற்கு யோசனை சொல்கிறவர்கள் திருப்பலிக்கும் வருகிறார்கள்!

விடுதலை ஆணை வந்தபின்னும், மோசடியால் வாங்கிய கடன் நிற்கும். பக்கத்து வீட்டு அம்மா நகையை அடகுவைத்துத் தந்த பணத்தைப் பொய் சொல்லி வாங்கியிருந்தால், அதை அவருக்கு இன்னும் கொடுக்கத்தான் வேண்டும்.