வெப்பத்திற்கு வழி விடுவோம்

(பாக்கார் ஆராங்கில் தோட்டத் தொழிலாளர்களிடையே நிகழ்த்திய உரை)



நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரிலேயே நெருப்பு இருக்கிறது. மலாய் மொழியில் ‘பாக்கார்’ என்றால் சுடுதல்; ‘ஆராங்’ என்றால் கரி. எனினும் இன்று நாம் பேசவிருப்பது கண்ணுக்குத் தெரியும் நெருப்பைப் பற்றியன்று. விளக்கிலும், தொலைக்காட்சியிலும், கைப்பேசியிலும், சுவரில் செருகிய பிளக்கிலும் ஓசையின்றிச் சேருகின்ற வெப்பத்தைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் இங்கே இருப்பார்கள். அவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியது அதிகமில்லை. ஈரத் தகடுகளை ஏற்றிய முதல் நாள், ஈரக் காற்று வெளியேறும்படி மேலே உள்ள காற்றுவழிகளை நன்றாகத் திறந்து வைப்பார்கள். சூடு சுமார் 60 பாகை செல்சியஸைத் தாண்டினால் தகட்டில் கொப்புளம் எழும், தரமும் குறையும். அடுப்பில் எவ்வளவு விறகு எரிகிறது என்று மட்டும் பார்ப்பவர் அரைத் தொழிலாளி. சூடு எந்த வழியாகப் போகிறது என்றும் பார்ப்பவரே முழுத் தொழிலாளி. மின்கருவிகளுக்கும் இதே கணக்குத்தான். கம்பியில் மின்சாரம் ஓடினால் சூடு பிறந்தே தீரும். ஓட்டம் இரண்டு மடங்கானால் அக்கம்பியில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். பிறந்த சூடு வெளியேற வழி உண்டா என்பதே கேள்வி.

தகவல் இலாகாவின் நடமாடும் திரைப்பட வண்டி தோட்டத்துத் திடலுக்கு வந்த நாள்களை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிறுவர்கள் பாயை விரித்து முன்வரிசையில் இடம் பிடிப்பார்கள். ஆனால் அவர்களுள் பாதிப்பேர் திரையைப் பாராமல், பின்னால் இரைந்துகொண்டிருக்கும் இயந்திரத்தையே பார்த்திருப்பார்கள்! அந்த இரைச்சலில் ஒரு பகுதி படச்சுருள் ஓடும் ஒலி. மற்றொரு பகுதி காற்றாடியின் ஒலி. படம்காட்டும் கருவியின் விளக்கு உண்ட மின்சாரத்தில் பெரும்பகுதி ஒளியாகாமல் வெப்பமாகவே மாறியது. கண்ணாடி வில்லைகள் அந்த ஒளியைக் குவித்தபோது வெப்பமும் கூடவே குவிந்தது. படச்சுருள் ஓடிக்கொண்டிருக்கும் வரை ஒவ்வொரு படமும் நொடிப்பொழுதில் கடந்துவிடும். தடுப்பு ஏதுமின்றிச் சுருள் சிக்கி நின்றுவிட்டாலோ, திரையில் பழுப்பு நிறத்தில் ஒரு பொத்தல் விரிவதைக் காணலாம். அதனால்தான் வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடியும் காற்றாடியும் வைத்தார்கள். படம் முடிந்தவுடன் பழகிய இயக்குநர் விளக்கை அணைப்பார். காற்றாடியை உடனே நிறுத்த மாட்டார். விளக்கு ஆறும் வரை அதை ஓடவிட்டுப் பிறகே கருவியைப் பெட்டியில் வைப்பார்.

பழைய குமிழ் விளக்கும் அந்தக் கருவியின் விளக்கைப் போன்றதே. மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே ஒளியாக மாறும். இன்றைய எல்.இ.டி. விளக்கு அதைவிடப் பன்மடங்கு சிக்கனமானது. நம் கெடா மாநிலத்துக் கூலிமில் அவ்விளக்கின் சில்லுகளைச் செய்யும் பெரிய ஆலையை ஒஸ்ராம் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் திறந்தது. ‘இது சூடாகாத விளக்கு’ என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் முழுமையாக நம்ப வேண்டாம். ஒளியில் சூடு குறைவுதான். ஆனால் மிளகினும் சிறிய அந்தச் சில்லில் கணிசமான சூடு தங்குகிறது. அதை இழுத்து வெளியே விடுவதற்காகவே விளக்கின் கழுத்தில் உலோகம் வைத்திருக்கிறார்கள். காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் அதை அடைத்தால் ஒளி மங்கும்; ஆயுளும் குறையும். தொலைக்காட்சியின் துளைகளைப் பூத்துணியால் மூடுவதும், கைப்பேசியைத் தலையணைக்கடியில் வைத்து மின்னேற்றுவதும், வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் கூடையில் அதை விட்டுச் செல்வதும் இதே வகைப் பிழைகளே.

இனி, நாம் முக்கியமாகக் கூற வந்த செய்திக்கு வருவோம். 13 ஆம்பியர் பிளக்கு ஒன்று, 230 வோல்ட் மின்சாரத்தில், சுமார் 2,990 வாட் வரை தாங்கும். தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலுக்கு 2,000 வாட், இஸ்திரிப் பெட்டிக்கு 1,000, சோற்றுப் பானைக்கு 700 என்று வைத்துக்கொள்ளுங்கள். காலைப் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று மூன்றையும் ஒரே நீட்டுக் கம்பிப் பலகையில் செருகினால் 3,700 வாட் ஆகிறது. அந்தக் கம்பியைச் சுருட்டியபடியே தரையில் போட்டிருந்தால் உள்ளே பிறக்கும் சூடு போக வழியில்லை.

‘பியூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?’ என்று கேட்பீர்கள். மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சினால் பியூஸ் உருகும்; ஆனால் சிறிதளவே மிஞ்சினால் உடனே உருகாது. இதைவிடக் கெட்ட எதிரி ஒன்றுண்டு. அது தளர்ந்த இணைப்பு. பிளக்கின் திருகாணி தளர்ந்தாலும், சாக்கெட்டின் உள்தகடு விரிந்தாலும், அந்த ஓரிடத்தில் மட்டும் தடை மிகுந்து சூடு திரளும். ஓட்டம் மிஞ்சவில்லை, ஆகவே பியூஸ் வாளாவிருக்கும். மின்கசிவைக் கண்டு தானே விழும் சுவிட்சுக்கும், கசிவு இல்லாததால், இது தெரியாது. அங்கே நம் மூக்கும் கையும்தான் காவல். பயன்படுத்திய பிளக்கைத் தொடும்போது சுடுகிறதா, கருகிய நாற்றம் வருகிறதா, வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய வீடுகளின் கம்பிகளுக்கு நீங்கள் வெட்டிய பாலிலிருந்து வந்த ரப்பரே உறையாக இருந்தது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாத நல்ல பொருள். ஆயினும் நெடுநாள் சூட்டில் அது காய்ந்து வெடித்து உதிர்ந்துவிடும். பின்னர் வந்த சாதாரண பி.வி.சி. உறைக்கும் 70 பாகை செல்சியஸ் என்ற எல்லை உண்டு. ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த மரச்சுவர் லயங்களில் ஒரு வீட்டுக் கம்பியின் உறை உதிர்ந்தால், அது அந்த ஒரு குடும்பத்தின் ஆபத்து மட்டுமன்று. ஆகவே கம்பி உதிரக் கண்டவர் அதன்மேல் நாடாவைச் சுற்றி மறைக்காமல், நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவித்து, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மாற்றச் சொல்ல வேண்டும். அது சலுகை கேட்பதாகாது. புதிய பிளக்கும் நீட்டுக் கம்பியும் வாங்கும்போது சிரிம் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். பிளக்கில் புகை கண்டால், கை எட்டும் இடத்திலிருந்தால் முதன்மைச் சுவிட்சை அணையுங்கள், தண்ணீரை ஊற்றாதீர்கள், பிள்ளைகளை வெளியேற்றி 999 எண்ணை அழையுங்கள்.

இந்த மேசைமேல் கருகிய பிளக்கு ஒன்றை இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறோம். அதன் மூன்று திருகாணிகளில் இரண்டு இறுக்கமாகவே இருக்கின்றன. மூன்றாவது விரலால் தொட்டாலே ஆடுகிறது. அதிலுள்ள பியூஸ் இன்னும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. தேநீர் வரும் வரை ஒவ்வொருவராக முன்வந்து கையில் எடுத்துப் பார்க்கலாம்.