படத்துக்குப் பின்னால் இருக்கும் கூலி

தோழர்களே, 2022 டிசம்பரில் ஆர்ட்ஸ்டேஷன் தளத்தில் ஓவியர்கள் தங்கள் படைப்புகளுக்குப் பதிலாக, செயற்கை நுண்ணறிவுப் படங்கள் வேண்டாம் என்ற எதிர்ப்புப் படத்தையே வரிசையாக ஏற்றினார்கள். தங்களைக் கேட்காமல், கூலி தராமல், தங்கள் ஓவியங்களைத் தின்று வளர்ந்த எந்திரத்தின் மீது வந்த கோபம் அது. வெட்டிவேலை செய்த தலைமுறைகளின் பிள்ளைகளான நமக்கு அந்தக் கோபம் விளங்காதா என்ன?

ஆனால், ஏப்ரல் 14 அன்று எந்திரம் வரைந்த அம்பேத்கர் படத்தைப் பகிரும் நம் பிள்ளையிடம், 'வரையத் தெரியாத உனக்கு என்ன தகுதி' என்று சீறுகிறவர்களையும் பார்க்கிறோம். தகுதி! எத்தனை வாசல்களில் இந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்பியிருக்கிறோம். ஓவியக் கல்லூரி எல்லோருக்கும் எட்டுகிற இடமா? கணக்குக் கேட்க வேண்டியது கம்பெனியிடம். அதை விட்டுவிட்டுப் பிள்ளையை ஏளனம் செய்கிறார்கள்.

எந்திரத்தில் செய்தது என்று படத்தின் கீழே எழுதும்படி பிள்ளையிடமும் சொல்வோம், அதில் சலுகை இல்லை. சேரிச் சுவர்களில் கட்டம் போட்டு, நீலக் கோட்டும் கையில் புத்தகமுமாக அண்ணலை வரைந்த பெயிண்டர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பிளக்ஸ் வந்தபோதே அவர்களில் பலருக்குப் பிழைப்பு போயிற்று. வரும் ஏப்ரல் விழாவின் மேடைப் படத்தை அவர்களில் ஒருவரிடம் கூலி பேசிக் கொடுத்திருக்கிறோம். மூலையில் அவருடைய கையெழுத்து இருக்கும்.