வரி கொடுத்தோர் கணக்குக் கேட்க வேண்டும்

(பொழிவின் எழுத்து வடிவம்)



இம்மன்றத்தில் அமர்ந்திருப்போருள் வருவாய் வரி கட்டுவோர் சிலராகவே இருக்கக்கூடும். "நான் வரி கட்டுவதில்லை, அரசின் செலவைப் பற்றிப் பேச எனக்கென்ன உரிமை?" என்று எஞ்சியோர் எண்ணுவர். அவ்வெண்ணம் பிழை. கூலி வேலை செய்து வீடு திரும்பும் தாய் வாங்கும் தீப்பெட்டியின் விலையில் வரி இருக்கிறது. அவள் தன் பிள்ளைக்கு வாங்கும் வழலைக் கட்டியிலும் வரி இருக்கிறது. உழவன் தன் உழுபொறிக்கு ஊற்றும் எரிநெய்யிலும் வரி இருக்கிறது. இந்நாட்டில் வரி கொடாதார் ஒருவரும் இலர். கொடுக்கும்போது நாம் அனைவரும் குடிமக்கள். கொடுத்ததைச் செலவிடும்போது மட்டும் நாம் யாரோ! இதுவே இன்று உங்கள்முன் நான் வைக்கும் வழக்கு.

2023ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாளை நினைந்து பாருங்கள். இந்திய ஒன்றிய அரசின் அவ்வாண்டுக்கான வரவு செலவுத் திட்டம் ஏறத்தாழ 45 இலக்கம் கோடி உருபா. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சிகளும் வேறொன்றைப் பற்றிக் கூச்சலிட்டுக் கொண்டிருக்க, எவ்வகைக் கலந்தாய்வும் இன்றி, மக்களவை பன்னிரண்டே மணித்துளிகளில் அதன் செலவுக் கேட்புகளை நிறைவேற்றியது. நம் வீட்டுத் திருமணத்திற்குப் பந்தலிடுவது பற்றிக்கூட நாம் இதனினும் நெடுநேரம் பேசுவோம்! 2018ஆம் ஆண்டிலும் அனைத்துத் துறைகளின் செலவுக் கேட்புகளும் இவ்வாறே பேச்சின்றி நிறைவேறின. மற்றை ஆண்டுகளிலும் ஒருசில துறைகளைப் பற்றியே பேசுகின்றனர். எஞ்சியவற்றை ஒரே மூச்சில் ஒப்புக்கொள்கின்றனர். நாடாளுமன்ற வழக்கில் இம்முறைக்குக் 'கில்லட்டின்' என்று பெயர். பிரெஞ்சு நாட்டில் மாந்தர் தலையை வெட்டிய பொறியின் பெயர் அது. பொருத்தமான பெயர்தான். இங்கு வெட்டுண்பது நம் கேள்வி.

கேட்பாரற்ற செலவு எப்பக்கம் சாயும் என்பதற்கு ஒரு சான்று காட்டுவேன். 2019ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள், ஒன்றிய நிதியமைச்சர் நிருமலா சீதாராமன் தம் வரவு செலவுத் திட்ட உரையில், வரி தண்டும் முறை பற்றிப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்றுப் பாடலை எடுத்தோதினார். கேட்டுத் தமிழர் மகிழ்ந்தனர். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அதே நாடாளுமன்றத்தில் அரசு தந்த கணக்கு என்ன? 2017 முதல் 2020 வரையிலான மூன்றாண்டுகளில் சமற்கிருத வளர்ச்சிக்கு 643.84 கோடி உருபா. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா ஆகிய ஐந்து செம்மொழிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 29 கோடி உருபா. சமற்கிருதம் கற்க விழைவோர் கற்கட்டும். அதனைத் தடுப்பது நம் வேலையன்று. ஒன்றற்கு இருபத்திரண்டு பங்கும், மற்றை ஐந்தற்கும் சேர்த்து ஒரு பங்கும் என வகுத்தவர் யார்? எந்தக் குடிகளைக் கேட்டு வகுத்தனர்? இதுவே நம் வினா.

"செலவுத் திட்டம் வகுப்பது அறிஞர் வேலை; எளிய மக்களுக்கு என்ன தெரியும்?" என்பார் உளர். அவர்களுக்கு இராசசுத்தான் மாநிலத்து உழவரும் கூலியாளரும் விடை தந்துவிட்டனர். 1994ஆம் ஆண்டு முதல் அவர்கள் ஊர்ப் பொதுவிடத்தில் கூடி, அரசுப் பணிகளின் கூலிப் பட்டியலை உரக்கப் படிக்கச் செய்தனர். வேலை செய்யாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும், கட்டாத கட்டடத்திற்குக் கணக்கு முடிக்கப்பட்டிருந்ததும் வெளிப்பட்டன. 1996ஆம் ஆண்டு பியாவர் நகரில் நாற்பது நாள் அமர்ந்து போராடினர். தங்கள் பணத்திற்குத் தாங்கள் கணக்குக் கேட்பதாக அவர்கள் எழுப்பிய முழக்கமே, வளர்ந்து, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு வித்தாயிற்று. எழுத்தறியாதாரும் கணக்கு அறிவர்!

நம் மண்ணிலும் இதற்கு முன்னடையாளம் உண்டு. பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்கிறது. அது நிலவுடைமைப் பார்ப்பனரின் அவை. உழுத குடிகளுக்கு அதில் இடமில்லை. அக்குறையை மறைத்துப் பெருமை பேச வேண்டா. ஆயினும் கணக்குக் காட்டாதவன் மீண்டும் பொறுப்பேற்கலாகாது என்னும் நெறியைக் கொள்வோம். எல்லாக் குடிகளுக்கும் உரியதாக்கிக் கொள்வோம்.

ஊரளவில் இயலும், நாட்டளவில் இயலாது என்பதும் பொய். போர்த்துக்கல் நாடு 2017ஆம் ஆண்டு, நாடு தழுவிய செலவில் 30 இலக்கம் யூரோவை மக்கள் முடிவுக்கே விட்டது. திட்டங்களை மக்களே முன்வைத்தனர். மக்களே ஒப்போலையிட்டுத் தேர்ந்தனர். தொகை சிறிது, ஆனால் வழி திறந்தது.

நாம் வேண்டுவன மூன்று. ஒவ்வொரு துறையின் செலவுக் கேட்பும் அவையில் பேசப்பட்ட பின்னரே நிறைவேற வேண்டும். செலவுத் திட்டத்தின் முன்வரைவு, அந்தந்த மக்களின் மொழியில், முன்னரே வெளியிடப்பட வேண்டும். மக்கள் கூறும் கருத்துகளுள் ஏற்றவை எவை, தள்ளியவை எவை என்பதற்கு அரசு கரணியத்தோடு விடை கூற வேண்டும்.

இவை வரும்வரை காத்திருக்க வேண்டா. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைக் கண்டு, "இவ்வாண்டு எந்தத் துறையின் செலவு பற்றிப் பேசினீர்?" என்று கேளுங்கள். ஒன்றிய அரசின் அலுவலகங்களுக்குப் பத்து உருபாக் கட்டணத்தோடு தகவல் கேட்டு எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், தமிழ்நாட்டிலிருந்து விடுக்கும் விண்ணப்பம் தமிழில் இருக்கலாம் என்று அச்சட்டத்தின் 6ஆம் பிரிவே இடந்தருகிறது. ஒருவர் எழுதினால் அது ஓர் ஓலை. ஊருக்குப் பதின்மர் எழுதினால் அது கேள்வி. நாடே எழுதினால் அதற்கு விடை சொல்லாமல் எந்த அரசும் இருக்க முடியாது.

கொடுத்த கை கேட்கட்டும்!