அமில மழையும் தோட்டத் தொழிலாளியும்

(பண்டாரவளையில் நடந்த தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமில மழை என்றதும் சிலர் சிரித்தீர்கள். நிலக்கரியும் டீசலும் எரியும்போது கந்தக வாயுவும் நைதரசன் வாயுக்களும் புகையோடு கிளம்புகின்றன. அவை மேகத்து நீரில் கலந்து அமிலமாகி மழையோடு இறங்குகின்றன. புகைவது ஓரிடம், நனைவது வேறிடம்.

2022 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். மண்டோஸ் புயல் நேரத்தில் இந்தியப் பக்கமிருந்து வந்த அழுக்குக் காற்று நாட்டையே மூடியது. 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். ஊவாவுக்கு மழை கொண்டு வருவதும் அந்தப் பக்கத்து வடகீழ்ப் பருவக்காற்றுதான்.

தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும். அதற்கும் அளவுண்டு. பி.எச். 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் போட்ட உரம் செடிக்குச் சரியாகச் சேராது. நாம் போடும் சல்பேட் உரமே மண்ணைப் புளிக்க வைக்கிறது. அதனால்தான் கவ்வாத்து மலைக்கு டொலமைட் போடுகிறோம். மழையும் புளித்தால் டொலமைட் கூடத் தேவைப்படும். செலவைக் குறைக்கிறோம் என்று துரைமார் அதை நிறுத்தினால் கொழுந்து குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர் யாருக்கு? துரைக்கா?

நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. 1988இல் அதைத் திருத்தி, தொழிற்சாலைகளுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றார்கள். நமது தேயிலை ஸ்டோருக்கும் அது பொருந்தும். ஆனால் புகைபோக்கியிலிருந்து எவ்வளவு வெளியேறலாம் என்ற ஒழுங்குவிதி 2019இல்தான் வந்தது. 900 மெகாவாட் நுரைச்சோலை நிலையம் அதற்கு ஐந்து வருஷம் முந்தியே முழுதாக ஓடத் தொடங்கிவிட்டது. த்ரீவீலர் ஓட்டும் நம் பிள்ளைகள் 2008இலிருந்து புகைச் சான்றிதழுக்குக் காசு கட்டுகிறார்கள்!

ஐரோப்பியர் 1979இல் ஜெனீவாவில் ஒப்பந்தம் செய்தார்கள். 1985இல் ஹெல்சிங்கியில், கந்தகத்தை 30 சதவீதம் குறைப்போம் என்று கணக்கோடு கையெழுத்திட்டார்கள். நமது பகுதி நாடுகள் 1998இல் மாலேயில் பிரகடனம் செய்தன. இந்தியாவும் இலங்கையும் அதில் உண்டு. ஆனால் எவ்வளவு குறைப்பது, எப்போதைக்குள் என்று கட்டிப்போடும் கணக்கு அதில் இல்லை.

ஆகவே அரசாங்கத்திடம் நாம் கேட்பது: ஊவாவின் மழை நீரை ஒழுங்காகப் பரிசோதித்து, முடிவைத் தமிழிலும் வெளியிட வேண்டும். தோட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டியது: மலைவாரியான மண் பரிசோதனைப் பேப்பரும் ஸ்டோரின் அனுமதிப்பத்திரமும். ஆபீசில் காட்ட மறுத்தால், மறுத்த திகதியை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.