கந்தையில் விளங்கும் இல்லறம்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சோழநாட்டின் தென்கிழக்கு முனையில், வங்கக் கடலும் பாக் நீரிணையும் கூடுமிடத்தில் அமைந்த ஊர் கோடியக்கரை. வெளிமான் திரியும் காடும், பூநாரை வந்திறங்கும் சதுப்பு நிலமும், அருகே வேதாரண்யத்து உப்பளங்களும் சூழ்ந்த நிலம் அது. அங்குள்ள காடு 1967ஆம் ஆண்டு வனவுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. தீபங்குடித் தீபநாயகர் ஆலயமும் மன்னார்குடி மல்லிநாதர் ஆலயமும் விளங்கும் அதே காவிரி நாட்டின் கடற்கோடிதான் கோடியக்கரை. ஆதலின் அக்கரையில் நிகழ்வது எதுவும் சமணக் குடும்பங்களுக்கு அயலார் செய்தி ஆகாது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. செய்தி கேட்ட நாடு கண்ணீர் விட்டது. உணவும் மருந்தும் பணமும் அனுப்பியது. கூடவே மலைமலையாகப் பழந்துணியும் வந்து குவிந்தது. கடலோடி உழைத்து உண்ட குடும்பத்தார் பிறர் உடுத்திக் கழித்த ஆடையை ஏற்கக் கூசினர். மூட்டைகள் சாலையோரங்களில் கேட்பாரற்றுக் கிடந்தன.

கொடுத்தவர் உள்ளத்தில் இரக்கம் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தானமாக வந்த பொருள் தெருவில் கிடந்தது ஏன்? கொடுத்தவரின் பேழை ஒழிந்தது; பெறுபவரின் குறை தீரவில்லை. தானத்துக்கும் கழிவுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அம்மூட்டைகள் ஊரறியக் காட்டின.

அவ்வாறு கிடந்த துணியைப் பொறுக்கியெடுத்துப் பயன்கொள்ள முனைந்த அமைப்புகளுள் ஒன்று ‘கூஞ்ச்’. அன்ஷு குப்தா என்பவர் தம் இல்லத்துத் துணிகள் 67ஐக் கொண்டு 1999ஆம் ஆண்டு தில்லியில் தொடங்கியது அது. உடுத்தத் தக்கவற்றைத் தனியே பிரித்துத் தேவைப்படுவோர்க்கு அனுப்புவதும், உடுத்தத் தகாதவற்றைப் பாயாகவும் பையாகவும் தைப்பதும் அவ்வமைப்பின் வழக்கம். 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

அதே பேரலைக்குப் பின் ஆரோவில்லில் உமா பிரஜாபதியின் ‘உபாசனா’ நிறுவனம் மீனவப் பெண்களுக்குத் துண்டுத் துணியில் சிறு பொம்மை செய்யக் கற்பித்தது. ‘சுனாமிகா’ எனப் பெயர் பெற்ற அப்பொம்மை விலைக்கு விற்கப்படுவதில்லை; அன்பளிப்பாகவே வழங்கப்படுகிறது. தையற்காரர் உதறிய துண்டு, துயருற்ற பெண்ணின் கைக்குத் தொழிலும் மனத்துக்குத் தேறுதலும் தந்தது.

இச்செய்திகளைச் சமண அறத்தின் ஒளியில் காணுதல் வேண்டும். சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதன் வழிவந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குரிய ஒழுக்கத்தை விரித்துரைப்பன. ஒருமுறை துய்த்து விடுவது போகம். மீண்டும் மீண்டும் துய்ப்பது உபபோகம். உணவு முன்னதற்கும் உடை பின்னதற்கும் சான்றாகும். இவ்விரண்டுக்கும் அளவு வகுத்துக்கொள்வதே போகோபபோக பரிமாண விரதம். ஒரு விழாவுக்கு உடுத்தி மறு விழாவுக்குள் ஒதுக்கும் இன்றைய வழக்கம் உபபோகப் பொருளைப் போகப் பொருளாக்கிவிடுகிறது. திசையையே ஆடையாகக் கொண்ட திகம்பர முனிவர் துணியை முற்றத் துறந்தார். இல்லறத்தார்க்கு அது இயலாது, அளவு இயலும்.

பயனின்றி நீரைக் கொட்டுவதும் மண்ணை அகழ்வதும் அநர்த்ததண்டம் என விலக்கப்பட்டவை. ஒரு பருத்திச் சட்டை உருவாக, பருத்தி விளைச்சல் முதலாக ஏறத்தாழ 2700 லிட்டர் நீர் செலவாகிறது எனக் கணக்கிடுவர். திருப்பூர்ச் சாயக்கழிவால் கெட்ட நொய்யல், காவிரியில் கலக்கும் ஆறு. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்கு அக்கேடு முற்றியது. வடித்த நீரையே பருகும் குடும்பம், நீரைக் கெடுத்து விளைந்த துணியைப் பயன்கொள்ளாமல் எறிவது எவ்வாறு பொருந்தும்?

இனிக் கந்தையைப் பாயாக்கும் முறையைக் காண்போம். பழம்புடவையைத் தூளியாகவும் திரியாகவும் ஆக்கிய கைகளுக்கு இது புதிதன்று. வங்கத்தார் பழந்துணிகளை அடுக்கித் தைத்துக் காந்தா செய்தனர். பருத்தி விளையாத வட ஜப்பானில் கிழிந்த துணியை ஊடையாக்கி நெய்தனர். தறியில்லாத வீட்டில் பின்னலே எளிது.

முதலில் பருத்தித் துணியைத் தனியே பிரித்தல் வேண்டும். பட்டு உயிர்க்கொலையில் விளைவதாகலின் அதனை விலக்குதல் தகும். துணியை உதறி, உயிரினம் ஏதுமில்லை எனக் கண்டபின் துவைத்து வெயிலில் உலர்த்துக. 45 அங்குல அகலப் புடவையை நீளவாக்கில் 2 அங்குலப் பட்டைகளாகக் கிழித்தால் 22 பட்டைகள் கிடைக்கும். புடவை ஐந்தரை மீட்டராயின் மொத்தம் 121 மீட்டர். பட்டைகளை முடிச்சிடாமல், முனைகளில் சிறு துளையிட்டு ஒன்றனுள் ஒன்றைக் கோத்து இணைத்தால் மேடு தட்டாது. மூன்று பட்டைகளின் நீளமும் வேறுபட்டிருப்பின் இணைப்புகள் ஓரிடத்தில் கூடா.

தலைமயிர் பின்னுவது போல் பின்னியபின், தரையில் படியவைத்துச் சுற்றிச்சுற்றிப் பருத்தி நூலால் தைக்க வேண்டும். இழுத்துத் தைத்தால் பாய் கிண்ணம் போலக் குழியும். தளரவிட்டால் அலையலையாக நெளியும். 3 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள நீள்வட்டப் பாய்க்கு நடுப்பின்னல் 1 அடி இருத்தல் வேண்டும். நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வேறுபாடே அவ்வளவு. முடிந்த பாயை மாதந்தோறும் உதறி வெயிலில் இடுக. ஈரம் தங்கினால் பூச்சி பெருகும். பின்னர் அதனைத் துப்புரவு செய்வதும் உயிர்வதையில் முடியும்.

தாய்மார்கள் கைப்பின்னலில் பழகியவர்கள். அவர்களருகே பேரக்குழந்தைகளும் அமர்ந்து பட்டை கிழித்துக் கொடுக்கலாம். தாத்தாவின் வேட்டியும் அத்தையின் புடவையும் எவ்வரியில் உள்ளன என்று அக்குழந்தைகள் சுட்டிக்காட்டும்போது, பொருளின் அருமை சொல்லாமலே விளங்கும்.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பாயாக்கிக்கொள்ளலாம் என்ற துணிவில் மேலும் மேலும் துணி வாங்குவோர் விரதத்தைக் காத்தவர் ஆகார். எத்தனை பாய் பின்னினாலும் நிரம்பி வழியும் பேழைக்கு அது ஈடாகாது. மிகுபொருள் விரும்பாமை கடையில் தொடங்குகிறது. கந்தையைப் பேணுதல் அதன் இறுதிப் படி மட்டுமே. இடைப்பட்டது தானம். தம் பிள்ளைக்கு உடுத்தத் தயங்காத ஆடையையே துவைத்து மடித்துப் பிறர்க்கு அளித்தல் தானம். தாம் உடுத்தக் கூசுவதைப் பிறர் தலையில் கட்டாமல், தம் கையாலேயே பாயாக்கித் தம் வாயிலில் இடுதல் ஒழுக்கம்.

வரும் தசலட்சண நாட்களில் உத்தமத் தியாகமும் உத்தம ஆகிஞ்சன்யமும் ஓதப்பெறும். அதற்கு முன் ஒவ்வோர் இல்லத்திலும் பேழை ஒருமுறை திறக்கப்படட்டும். உடுத்துபவை, கொடுக்கத் தக்கவை, பின்னத் தக்கவை என மூன்றாகப் பிரிக்கப்படட்டும். அடுத்த ஆண்டுக்கு எத்தனை ஆடை போதும் என்ற எண்ணும் அன்றே குறிக்கப்படட்டும்.

அறம் வளர்க!